அம்பாசிடரின் இடது கண்ணாடி

"இன்னும் மேல தூக்கு குமரேசா. எதிர் வூட்டு மாடி தெரியணும்."

மெக்கானிக் குமரேசன் கார்க் கதவிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தான். எதிர் வீட்டு மாடியில், போன மாதம் குடிவந்த வெள்ளைக்காரப் பெண்மணி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மேலே தூக்கச் சொன்ன முருகையனுக்கோ எழுபது தாண்டிவிட்டது.

தீபத் திருநாளும் அதுவுமாக இந்த மனுஷருக்கு இப்படி ஒரு ஆசையா என்று நினைத்தான் குமரேசன். ஆசிரமத்துப் பக்கம் வேலைக்குப் போகும்போது வாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவன் கொள்கை.

செல்போன் அலறியது. அவன் மனைவி ஆர்த்தி.

"எங்க இருக்கீங்க? ஆறு மணிக்கு மலையில தீபம் ஏத்திடுவாங்க. அதப் பாத்துட்டுதான் நம்ம வூட்ல விளக்கு ஏத்தணும், அப்புறந்தான் நான் விரதமே விடணும். பசி உயிர் போவுது!"

"அஞ்சே நிமிஷம். ஒரு அம்பாசிடர் கண்ணாடி."

"இன்னிக்கி ரோட்ல காரே விட மாட்டாங்க. கண்ணாடி எதுக்காம் அவருக்கு?"

நியாயமான கேள்வி. போலீஸ் தடுப்பு இல்லாவிட்டாலும் இந்தக் கார் நகரப்போவதில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசல் கொட்டகையில் காற்றில்லாத நாலு டயரோடு உட்கார்ந்திருந்தது.

"இன்ஜின் எங்க சார்?"

"வித்துட்டேன். வாங்கினவன் கரும்பு ஜூஸ் மிஷின்ல மாட்டிட்டான். இப்பவும் மணிக்கு அறுபது கிளாஸ் போவுதாம்."

சொல்லிவிட்டு முருகையன் சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார். கேட்டுக்கும் காருக்குமாக நடந்தார். மறுபடி வாட்சைப் பார்த்தார்.

கதவுத் தகடு துருப்பிடித்து, கண்ணாடித் தண்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஓட்டைகள் வாயைப் பிளந்திருந்தன. குமரேசன் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, பின்னால் ஒரு இரும்புத் தகடு கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கினான். தண்டு அசையாமல் நின்றுவிட்டது. அதன் நுனியில் ஒரு நட்டுதான் பாக்கி. அதை முறுக்கினால்தான் கண்ணாடி தலை சாயாமல் நிற்கும்.

"இடது சீட்டுல உக்காரு," என்றார் முருகையன். "கழுத்த ஆட்டாத. நேராப் பாரு. என்ன தெரியுது?"

சீட்டில் தலையணை எல்லாம் போட்டு வைத்திருந்தார். குமரேசன் உட்கார்ந்து பார்த்தான். காது சூடாகிவிட்டது.

"மாடி தெரியுது சார். அந்தம்மா... துணி காயப் போடறாங்க."

"துணியப் பாத்து எனக்கு என்ன ஆவப்போவுது? இன்னும் மேல ஏத்து."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஆச்சாங்க?"

"நீ வெளிய வராத தங்கம்! நானே கூப்புடறேன்!" என்று கத்திய முருகையன், குமரேசனிடம் குரலைத் தாழ்த்தினார். "சீக்கிரம்ப்பா. அவ இங்க வந்து நின்னா தாங்காது."

கட்டின பெண்டாட்டியை உள்ளே வைத்துவிட்டு வெளியே இந்தக் கூத்து! குமரேசனுக்குள் தர்ம ஆவேசம் பொங்கியது. இறங்கி வந்து கண்ணாடியை இன்னும் மேலே ஏற்றி, நட்டை நன்றாக முறுக்கிக் காட்டினான். பெரியவர் வாட்சைப் பார்த்த நேரத்தில் முறுக்கியதை அப்படியே தளர்த்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தானாகக் கவிழ்ந்துவிடும். கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

"முடிஞ்சுது சார், வரேன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு பைக்குக்கு ஓடினான். ஒரு உதை. கிளம்பவில்லை. இன்னொரு உதை உதைப்பதற்குள் தெருவே "அரோகரா!" என்று அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கும் மேலே முருகையனின் குரல் கேட்டது.

"தங்கம், வா வா! இந்த வருஷம் கழுத்துப் பட்டையோட நீ அண்ணாந்து பாக்க வேணாம். போன வருஷம் மாதிரி நடுத்தெருவுல கட்டில் போட்டுப் படுக்கவும் வேணாம். நேரா உக்காரு, மலை தீபம் கண்ணாடியிலயே தெரியும். பாத்துட்டு ஒரு வாய் சாப்புடு!"

குமரேசன் நிமிர்ந்து பார்த்தான். எதிர் வீட்டு மாடிக்கு நேர் மேலே, மலை உச்சியில் நெருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தான். கழுத்தை அசைக்க முடியாத ஒரு அம்மாள், கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இடது சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார். கண்ணாடி மெல்லத் தலை சாய்க்க ஆரம்பித்திருந்தது.

பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். கருவிப் பையில் ஸ்பேனரைத் துழாவ நேரமில்லை. கண்ணாடியை ஒரு கையால் தாங்கி மேலே தூக்கினான். செல்போன் மறுபடி அலறியது. இன்னொரு கையால் எடுத்துக் காதில் வைத்தான்.

"ஆர்த்தி, நீயே விளக்க ஏத்திடு. நான் இங்க ஒரு கண்ணாடிய புடிச்சிக்கிட்டு நிக்கணும்."