முன்பின் தெரியாதவள்

"யாருடி இந்தப் பட்டாம்பூச்சி?"

அப்பா போட்ட சத்தத்தில், உள்ளே துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

சோபா ஓரமாக மகள் தலையைக் குனிந்து நின்றிருந்தாள். பதிமூன்று வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "கிளாஸ்ல என்னைத் தவிர எல்லாருக்கும் இருக்குப்பா" என்று அழுது அடம்பிடித்து, ஃபோனில் சாட் பண்ண ஓர் அக்கவுன்ட் தொடங்க அனுமதி வாங்கியிருந்தாள்.

"என்ன கண்டிஷன் போட்டேன்? சொல்லு!"

"தெரியாதவங்ககூட பேசக் கூடாது."

"பேசினியா, இல்லையா?"

"பேசினேன்."

"பட்டாம்பூச்சின்னா யாரு? ஊரு எது? மூஞ்சியையாவது பார்த்திருக்கியா?"

மகள் சோபாவின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"யாரோ வேற ஸ்கூல் பொண்ணா இருக்கும். அதுக்குப் போய் எதுக்கு இந்தக் குதி குதிக்கறீங்க?" என்றாள் அம்மா.

"பொண்ணாம் பொண்ணு!" அப்பா தன் ஃபோனை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். "அந்தப் பட்டாம்பூச்சியே நான்தான்!"

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்து, கையிலிருக்கும் கிரீஸைத் துடைத்துவிட்டு, பதிமூன்று வயதுப் பெண்ணைப் போல ஒரு மாதமாக டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சோதிச்சுப் பார்ப்போம்னுதான் ஆரம்பிச்சேன். ஒரே நாள்தான் பிகு பண்ணிக்கிட்டா. அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாத்தையும் கொட்டறா! என் இடத்துல ஒரு பொறுக்கி இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாரு!"

யோசித்ததும் அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "அப்படி என்னடி எழுதித் தொலைச்சே?"

"அவ எங்க சொல்லப் போறா? நான் படிக்கறேன், கேளு." அப்பா திரையைத் தள்ளினார். "'இன்னிக்கும் லஞ்ச்ல யாரும் என்கூட உட்காரலை. பாத்ரூம்ல போய்ச் சாப்பிட்டேன்.' ஊர் பேர் தெரியாதவகிட்ட சொல்ற விஷயமா இது? இன்னொண்ணு கேளு. 'கணக்குல பன்னெண்டு மார்க். வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு.'"

அம்மாவின் முகம் மாறியது. "இதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க?"

அப்பா கொஞ்சம் தயங்கினார். "'அழாதே. ஒரு பரீட்சை போனா போகட்டும். உன்னால முடியும்'னு போட்டேன். நம்ப வைக்கணும்ல?"

"அன்னிக்கு சாயங்காலம்தானே பேப்பரைக் கிழிச்சு அவ மூஞ்சியில விட்டெறிஞ்சீங்க?"

"நீ பேச்சை மாத்தாதே!" அப்பா மகள் பக்கம் திரும்பினார். "பதினெட்டு வயசு வரைக்கும் இந்தக் கருமம் எதுவும் கிடையாது. கொண்டா ஃபோனை! உன் அக்கவுன்ட்டையும் மூடறேன், பட்டாம்பூச்சியையும் இப்பவே அழிக்கறேன்."

மகள் மறுபேச்சில்லாமல் ஃபோனைக் கொடுத்தாள்.

"என்னோடதை மூடிக்கங்க. அதை அழிக்காதீங்க."

"பார்த்தியா? இவ்வளவு சொல்லியும், முன்பின் தெரியாதவமேல பாசம் பொங்குது!"

முதல் முறையாக அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்த கண்ணில் கோபம்தான் இருந்தது.

"யாரு முன்பின் தெரியாதவ? அது நீங்கதான்னு ரெண்டாவது நாளே எனக்குத் தெரியும். 'பள்ளி'க்குச் சின்ன 'ல' போட்டு 'பல்லி'ன்னு எழுதறது இந்த உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்."

அழிக்கப்போன அப்பாவின் விரல் அப்படியே நின்றது.

"தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா இவ்வளவும் எழுதினே?"

"பின்ன?" மகள் வீடே அதிரக் கத்தினாள். "உங்ககிட்ட நான் வேற எங்கேப்பா பேசறது?"