ஜெயக்கொடி இழுத்த கயிறு

ஜெயக்கொடி கயிற்றை இழுத்துவிட்டாள்.

தலைக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை.

இன்னொரு தரம் இழுத்தாள். ம்ஹூம்.

ஸ்டூல் மேல் ஏறி நின்று கத்தினாள். "நிறுத்துங்க! எல்லாரும் மிஷின நிறுத்துங்க!"

நாற்பது தையல் மிஷின்களும் அடங்கின. ஃபேன் சத்தம் மட்டும் மிச்சம்.

செஞ்சியில் அந்த ஸ்கூல் ஷூ கம்பெனிக்குள் கயிறு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், சிவப்பு விளக்கு எரியும், வேலை நிற்கும், ஒருத்தரும் திட்டமாட்டார்கள் என்று பயிற்சி கொடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஆயுத பூஜையன்று கயிற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள்.

இழுக்க மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை. டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசர் ராஜாராம் பார்க்கிற பார்வை அப்படி.

அவர்தான் இப்போது ஓடி வந்தார். "இன்னாம்மா ஆச்சி?"

ஜெயக்கொடி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். வேலை இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள்.

"ஊசி ஒடஞ்சிடுச்சி சார். முனையக் காணோம். ஏதோ ஒரு ஷூவுக்குள்ளதான் இருக்குது. சின்னப் புள்ளைங்க போடறது சார்."

ராஜாராம் அவளையே பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குவியலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். முதல் ஷூவை அவரே எடுத்துத் தடவிப் பார்த்தார்.

நாற்பது பேரும் தேடினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து கலைமதி கூவினாள். குதிகால் பக்கத்து உள்துணி மடிப்பில் இருந்தது. பாதி அரிசி அளவுதான்.

ராஜாராம் அதை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். முதல் கைதட்டல் அவருடையது. அப்புறம் தகரக் கூரையே அதிர்ந்தது. யாரோ ஜெயக்கொடியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார்கள்.

எரியாத விளக்கை மாற்ற எலெக்ட்ரீஷியன் எழிலரசனைக் கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறினான். பல்பைக் கழற்றிப் பார்த்தான். பின்னால் கைவிட்டுத் துழாவினான்.

"பல்பு நல்லாத்தான் இருக்குது சார். இதுக்கு ஒயரே குடுக்கல."

எல்லாரும் ராஜாராம் பக்கம் திரும்பினார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"யாரு இழுக்கப் போறாங்கன்னு..."

அவர் முடிப்பதற்குள் ஜெயக்கொடிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடுத்து கலைமதி. அப்புறம் ராஜாராமே.

மிஷின்கள் ஓட இன்னும் கால் மணி நேரம் ஆனது.