பூஜ்யம்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பூங்கோதை கொண்டுவந்த ரைஸ் குக்கரின் அடித்தட்டில் போதைப்பொருள் இருந்தது. "தெரியாமல்தான் கொண்டுவந்தார், அவர் மனதை அளந்து பாருங்கள்" என்றார் அவள் வக்கீல். குக்கரைக் கைநீட்டி வாங்கிய நொடியில் அவள் மனதில் எவ்வளவு சந்தேகம் இருந்தது என்று நீதிமன்றக் கருவி துழாவியது. நூற்றுக்கு ஒன்று இருந்தாலும் பத்து வருடம் சிறை.

திரையில் பூஜ்யம் வந்தது. அவளை விடுவித்தார்கள்.

குக்கரைக் கொடுத்தனுப்பிய தம்பி இளம்பரிதியை அடுத்ததாக விலங்கோடு கூட்டிவந்தார்கள். அவன் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சங்கூடவா சந்தேகப்படலக்கா?"

"அம்மாவுக்குன்னுதானேடா சொன்னே."

அவன் தலையில் கருவியை மாட்டினார்கள். அக்காவிடம் கொடுத்த நொடியில் அவன் எவ்வளவு தயங்கினான் என்பது திரையில் வருவதற்குள் பூங்கோதை வெளியே போய்விட்டாள்.