எதிர்ப் பக்கத்துச் சிங்கம்

கடைத்தெரு முக்கில் இருந்த நீரூற்றின் கல்தூணில், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி இரண்டு சிங்கமுகங்கள். தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். ஒரு சிங்கத்தின் வாயை ஒருவர் உள்ளங்கையால் அடைத்தால்தான் மற்றதில் இன்னொருவர் குடிக்க முடியும். குடித்து முடித்தவர் தூணைத் தட்ட, அடைத்தவர் கையை எடுப்பார்.

தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் வழியில் சண்முகக்கனிக்காக எதிர்ப் பக்கம் தினமும் யாரோ ஒருவர் அடைத்தார். பிறகு அவள் அடைப்பாள். குடித்ததும் அந்த ஆளின் மோதிரம் போட்ட விரல் கல்லில் மெல்லத் தட்டும்; தினமும் அதே தட்டல். சுற்றிப்போய் முகம் பார்க்க ஒருநாளும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போனாள்.

பேத்தி எடுத்தபின் ஊருக்கு வந்தபோது நீரூற்றைப் புதுப்பித்து மோட்டார் வைத்திருந்தார்கள். இரண்டு வாயிலும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. சண்முகக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பக்கத்துச் சிங்கத்தின் வாயை அடைத்தாள்.

“ரெண்டு பக்கமுந்தான் தண்ணி வருதே, எதுக்கும்மா அடைக்கீங்க? சேலையெல்லாம் நனையுதுல்லா?” என்றார் காவலாளி.

“அந்தப் பக்கம் ஆளு குடிக்கட்டும்யா.”

விரலிடுக்கில் பீறிட்ட தண்ணீர் முழங்கையில் வழிந்தது. கையை எடுக்காமல், தூணில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.