நண்டுகளின் ஆறாவது கூட்டம்

கடல் ஏறிக்கொண்டே வந்ததால், வளைகளை மேட்டுக்கு மாற்றுவதா வேண்டாமா என்று பேச அந்தத் தீவின் நண்டுகள் கூட்டம் போட்டன. பேச்சு முடிவதற்குள் அலை வந்து கால்களை நனைத்தது.

"சே! அடுத்த கூட்டம் பத்தடி மேலே" என்றது தலைவர் நண்டு.

அங்கும் தண்ணீர் வந்தது. இப்படியே ஐந்து கூட்டங்கள் மேலேறின. வெயில் தாங்காமல் ஒவ்வொரு நண்டும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வளை தோண்டிக்கொண்டது.

ஆறாவது கூட்டத்தன்று கடல் பொங்கிப் பழைய வளைகளையெல்லாம் வாரிக்கொண்டு போனது.

"ஐயோ, உள்ளே யாராவது இருந்தார்களா?" என்று தலைவர் நண்டு பதறியது.

"ஒருத்தருமில்லை தலைவரே. குஞ்சு குளுவான்களோடு எல்லாரும் இங்கேதான், கூட்டத்தில்" என்றது செயலாளர் நண்டு.

"அப்பாடா!" தலைவர் நண்டு தன் புது வளைக்குள் வசதியாகச் சாய்ந்துகொண்டது. "சரி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். இடம் மாறுவதா, வேண்டாமா?"