காஞ்சனாவுக்கு மறந்துபோனது

காஞ்சனா நான்காவது தடவையும் மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"மறந்துபோச்சு மிஸ்."

கேரன் பேனாவை மேசையில் போட்டாள். கம்பெனியின் தரக் கொள்கை மொத்தமே நான்கு வரி. ஆங்கிலம்தான். ஆனால் கழுத்தில் தொங்கும் அட்டையின் பின்பக்கமே அச்சடித்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை தரத்தைச் சோதிக்க ஆடிட்டர் வருகிறார். உற்பத்தி லைனில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்பார். அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

மலேசியாவில், கூலிம் ஊரிலிருந்த அந்தத் தொழிற்சாலையில், அதே லைனில் முப்பத்தொரு பேர் ஒப்பித்துவிட்டார்கள். தேறாதவர்கள் இரண்டே பேர். ஏஜென்ட் மூலம் வந்து மூன்று மாதமே ஆன இராசாத்தி ஒருத்தி. பதினெட்டு வருஷமாக வேலை செய்யும் காஞ்சனா இன்னொருத்தி. ஷிப்ட் முடிந்ததும் இருவருக்கும் தனி வகுப்பு. அதை நடத்தும் வேலை, மனோதத்துவம் படித்துவிட்டுப் பயிற்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த கேரன் தலையில் விழுந்தது.

"இராசாத்தி புதுசு. உங்களுக்கு என்னக்கா? இத்தனை வருஷம் அட்டையை அழகுக்கா மாட்டியிருந்தீங்க?"

"வயசாவுதுல்ல மிஸ்." காஞ்சனா சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் கேரனுக்கு எரிச்சல். இராசாத்தியாவது அழுதாள். ஆடிட்டுக்குள் தேறாவிட்டால் ஏஜென்ட்டிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் மீகோரெங் நூடுல்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, கேரன் லேப்டாப்பைத் திறந்தாள். நீண்டகால நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளைத் தேடினாள். பாதிக் கட்டுரைகள் காசு கேட்டன. மீதிக்குப் படித்த காலத்து லைப்ரரி பாஸ்வேர்டு உதவியது. நல்லவேளை, அது இன்னும் செத்துப்போகவில்லை.

ஒன்றில் விஷயம் கிடைத்தது. ஒரு குழுவிடம் சொற்களைக் கொடுத்து எழுத்துகளை எண்ணச் சொன்னார்களாம். இன்னொரு குழுவைச் சொல்லின் பொருளை யோசிக்கச் சொன்னார்களாம். பிறகு கேட்டபோது, பொருளை யோசித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. அடுத்துப் படித்த மூன்றும் ஏறக்குறைய அதையே சொல்லின.

'அட, நான் இவங்களைக் கிளி மாதிரி கத்த விட்டிருக்கேனே!'

சாயங்காலம் அட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னாள்.

"இராசாத்தி, நீங்க செய்யிற டியூப் எங்க போவுது?"

"பெட்டிக்குள்ள மிஸ்."

"பெட்டி?"

"லோரிக்கு."

காஞ்சனா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவுது. ட்ரிப் ஏத்துறாங்களே, அந்த டியூப்" என்றாள் கேரன்.

இராசாத்தி நிமிர்ந்தாள். "போன வருஷம் எம்மவளுக்கு டெங்கி. அஞ்சு நாளு கையில மாட்டியிருந்தாங்களே, அதுவா?"

"அதேதான். அதுல ஓட்டை இருந்திருந்தா?"

இராசாத்தி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"மூணாவது வரி அதைத்தான் சொல்லுது. பழுதுன்னு தெரிஞ்சா அடுத்த கைக்கு அனுப்பாதே."

இராசாத்தி அந்த வரியை மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லும் தட்டவில்லை.

காஞ்சனா மட்டும் அன்றும் அதே இடத்தில் நின்றாள்.

"எந்த ஆராய்ச்சியும் உங்ககிட்ட பலிக்காது லா!" கேரன் பல்லைக் கடித்தாள். "ஆடிட் அன்னிக்கு டாக்டர்கிட்ட எம்சி லீவு வாங்கிட்டு வீட்டுலயே இருங்க."

"போலே மிஸ், செஞ்சிடலாம்" என்றாள் காஞ்சனா. அதற்கும் சிரிப்பு.

புதன்கிழமை கடைசித் தேர்வு. இராசாத்தி நான்கு வரியும் சொன்னாள், கேட்காமலே விளக்கமும் சொன்னாள். சூப்பர்வைசர் தேவன் தாளில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து காஞ்சனா. கேரன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

காஞ்சனா நான்கு வரியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஆங்கிலத்தில் ஒரு தடவை, மலாய் மொழியில் ஒரு தடவை.

"பாத்தீங்களாக்கா! அர்த்தம் புரிஞ்சா மறக்காது!"

கேரன் உடனே அறிக்கை எழுத உட்கார்ந்தாள். வகுப்புக்கு முன் எத்தனை மதிப்பெண், பின் எத்தனை என்று ஆய்வுக் கட்டுரையில் வருவது போல ஓர் அட்டவணை போட ஆசை. காஞ்சனாவின் பழைய மதிப்பெண்ணுக்காகக் கோப்பைப் புரட்டினாள்.

போன வருஷம், முழு மதிப்பெண். அதற்கு முந்தைய வருஷமும் முழு மதிப்பெண். கடைசி ஏழு ஆடிட்டிலும் லைன் சார்பில் பேச நிறுத்தப்பட்ட ஆளே காஞ்சனாதான்.

கோப்போடு வாசலுக்கு ஓடினாள். காஞ்சனா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? ரெண்டு வாரமா என்னைப் பைத்தியமாக்கிட்டீங்க!"

காஞ்சனா கம்பெனி பஸ் பக்கம் பார்த்தாள். இராசாத்தி ஏறிவிட்டாள்.

"கத்தாதீங்க மிஸ். மொத நாளு ஃபெயிலானது அவ ஒருத்திதான். தேவன் அப்பவே ஏஜென்ட்டுக்கு அடிக்க போனைக் கையில எடுத்துட்டாரு. அடுத்தது என் டர்னு."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷ ஆளும் ஃபெயிலுன்னா, கிளாஸ் வச்சுத்தானே ஆவணும்?"