நான்காவது அம்பிளிபயர்

"இது ஸ்பீக்கர் இல்ல அன்ரி, யானை. எவ்வளவு போட்டாலும் தீனி காணாது" என்றபடி கடைக்கார அர்ஷாத் நான்காவது அம்பிளிபயரை இறக்கிவைத்தான்.

றொசானாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடத்தின் இரண்டு மூலைகளிலும் மார்பளவு உயரத்தில் நின்ற அந்த ஸ்பீக்கர்களை அவள் கணவர் ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு மாறிவந்த கையோடு பழைய அம்பிளிபயர் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

அர்ஷாத் கொண்டுவந்த மூன்றையும் ஒவ்வொரு கிழமை வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். வயலின் மங்கல். பாடுகிறவர் வாயில் துணி அடைத்த மாதிரி. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதினார். வலு போதவில்லை என்று அர்ஷாத்தும் ஒவ்வொரு முறையும் இன்னும் பெரியதாகத் தூக்கிவந்தான்.

இதுவும் சரிவராவிட்டால் ஸ்பீக்கர்களைக் கொடுத்துவிடுவதாக ஒஸ்வால்ட் சொல்லியிருந்தார்.

சரிவர வேண்டும் என்று றொசானா காலையில் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தாள். ஸ்பீக்கர்களுக்காக அல்ல.

கொட்டாஞ்சேனை வீட்டை விற்கச் சொன்னவள் அவள்தான். அன்றிலிருந்து அவர் அவளோடு சரியாகக் கதைப்பதில்லை. சமையலறையிலிருந்து அவள் கேட்பதற்குப் பதில் வராது. ஒரு நாள் இருட்டில், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு மன்னிப்பும் கேட்டாள். அவர் அசையவில்லை. பிறகு அவளும் கதைப்பதை விட்டுவிட்டாள்.

இசை திரும்பினால் மனிதரும் திரும்புவார் என்று நினைத்தாள்.

இசைத்தட்டு சுழன்றது. வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்கும் இடம் நெருங்க, ஒஸ்வால்ட் எழும்பிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து கண்களை மூடினார். மேல்வீட்டார் தரையைத் தட்டினார்கள். அர்ஷாத் காதைப் பொத்திக்கொண்டான்.

முழக்கம் ஓய்ந்ததும் வயலின் தனியாக, மெல்லியதாக வரும். இத்தனை வருடம் கேட்டதில் அவளுக்கும் அது மனப்பாடம்.

முழக்கத்தின் கடைசி அடியில் அம்பிளிபயருக்குள் 'டக்' என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. சுமை தாங்காமல் தானாகவே நின்றுவிட்டது என்றான் அர்ஷாத்.

இசைத்தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கடலோரமாக ரயிலொன்று நீளமாக ஊதிக்கொண்டு பம்பலப்பிட்டிப் பக்கம் போனது.

ஒஸ்வால்டின் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. மெதுவாக, வயலினுக்குப் போடுகிற மாதிரி.

அர்ஷாத் அவளைப் பார்த்தான்.

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பெயரைச் சொன்னாள். மறுபடியும், உரத்துச் சொன்னாள்.

விரல் நிற்கவில்லை.

"இதுதான்" என்றார் ஒஸ்வால்ட், கண் திறவாமலே. "இப்பதான் வயலின் வந்தது."

அர்ஷாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்து, அவருக்கும் சிவப்பு விளக்குக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தொட்டாள். அவர் கண் திறக்கும்வரை காத்திருந்து, உதடுகள் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஓம். நானும் கேட்டனான்."